சினைப்பைக் கட்டிக்கு ரோபோ சர்ஜரி: மூன்று டாக்டர்கள் ஏன் மூன்று பதில் சொல்கிறார்கள்?

சினைப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். ரோபோவில் செய்யலாமா என்று கேட்டால் "தாராளமாக" என்கிறார். சந்தேகத்துக்கு இன்னொருவரிடம் போனால், அதே ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதற்கு எதற்கு ரோபோ, சாதாரண லேப்ராஸ்கோப்பியே (சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது) போதுமே" என்கிறார். மூன்றாவதாகப் பார்க்கும் புற்றுநோய் அறுவை நிபுணரோ, வயிற்றைத் திறந்துதான் செய்வேன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். மூவரும் நன்றாகப் படித்தவர்கள், அனுபவசாலிகள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தலை சுற்றுகிறது. யாரோ ஒருவர் காசுக்காகச் சொல்கிறார் என்ற சந்தேகம் வேறு வந்துவிடுகிறது. சில இடங்களில் அதுவும் உண்மையாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலான நேரங்களில் கதை வேறு. ஸ்கேன் சொல்லாமல் விட்ட இடத்தை ஒவ்வொரு சர்ஜனும் தான் இதுவரை பார்த்த கட்டிகளை வைத்து நிரப்பிக்கொள்கிறார். அதனால் ஒரே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் மூன்று வேறு கட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கட்டிகளுக்குப் போவதற்கு முன் இயந்திரத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ரோபோ சர்ஜரி என்றதும் இயந்திரமே அறுத்துத் தைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்த பிறகு வயிற்றில் சுமார் 8 மில்லிமீட்டர் அளவில் நான்கைந்து துளைகள் போடுகிறார்கள், கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள், துளைகள் வழியாகக் கேமராவும் நீளமான கருவிகளும் உள்ளே போகின்றன. இதுவரைக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அடுத்து நடப்பதுதான் வேறு: கருவிகளின் வெளிமுனையை ஆட்கள் கையில் பிடிப்பதற்குப் பதிலாக இயந்திரக் கரங்களில் மாட்டுகிறார்கள், சர்ஜன் அதே அறையில் கொஞ்சம் தள்ளி ஒரு கன்சோலில் உட்கார்ந்து, இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் படம் தரும் திரைக்குள் பார்த்தபடி விரல்களால் பிடிகளையும் காலால் பெடல்களையும் இயக்குகிறார். அவர் விரல் அசைந்தால்தான் உள்ளே கருவி அசையும். திரையிலிருந்து தலையை எடுத்தாலே கருவிகள் அப்படியே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். நோயாளியின் பக்கத்தில் கை கழுவி, கவுன் போட்ட உதவி சர்ஜனும் நர்ஸும் நின்றபடிதான் இருப்பார்கள்.

இந்த வகையில் உலகம் முழுக்க அதிகம் பழகிய இயந்திரம் அமெரிக்காவின் இன்ட்யூட்டிவ் சர்ஜிகல் நிறுவனத்தின் டா வின்சி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதைப் பொது அறுவை சிகிச்சைக்கு 2000ஆம் ஆண்டிலும், பெண்கள் நல அறுவை சிகிச்சைக்கு 2005இலும் அனுமதித்தது. இப்போது பிரிட்டனின் வெர்சியஸ், மெட்ரானிக்கின் ஹியூகோ, இந்தியாவிலேயே தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா என்று போட்டிக்கு ஆள் வந்துவிட்டது.

சரி, கையில் பிடிப்பதைவிட இதில் என்ன லாபம்? லேப்ராஸ்கோப்பிக் கருவி வளையாத நீளக் குச்சி, வயிற்றுச் சுவரில் போட்ட துளைதான் அதற்கு அச்சு. ஏற்றம் இறைப்பது மாதிரி, இந்தப் பக்கம் கை கீழே போனால் அந்தப் பக்கம் முனை மேலே போகும், கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். அதோடு பல ஆபரேஷன் தியேட்டர்களில் பார்ப்பது ஆழம் தெரியாத தட்டைப் படம். இத்தனைக்கும் பழகித்தான் நல்ல லேப்ராஸ்கோப்பி சர்ஜன்கள் உருவாகிறார்கள், அதற்குப் பல வருடம் ஆகும். ரோபோவில் இந்தத் தலைகீழ் கணக்கைக் கணினியே சரிசெய்துவிடுகிறது. கருவியின் நுனியில் மணிக்கட்டு போல ஒரு மூட்டு இருப்பதால் இடுப்புக்குழியின் இடுக்கிலும் திருப்பித் தையல் போட முடிகிறது. படம் ஆழத்தோடு, பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரிகிறது. கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. இழப்பும் ஒன்று உண்டு, தொட்டு உணர்வது. கட்டி கெட்டியா, கொழகொழவா, நூல் இறுகிவிட்டதா என்பதை ரோபோ சர்ஜன் கண்ணால் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5இல் சில கருவிகளுக்கு அழுத்த உணர்வு திரும்பக் கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள், ஆனால் மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களில் நிறைய அதற்கு முந்தையவை. இந்தத் தொடு உணர்வு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புற்றுநோய் என்று வரும்போது இதுதான் பெரிய பேச்சாக மாறும்.

இப்போது கட்டி. சினைப்பைக் கட்டி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷயங்கள் இருக்கின்றன. மாதவிடாய் சுழற்சியில் தானாக வந்து இரண்டு மூன்று மாதத்தில் தானாகப் போய்விடும் நீர்க்கட்டி உண்டு; அதற்கு ரோபோவும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். உள்ளே முடியும் கொழுப்பும் சில சமயம் பல்லும்கூட இருக்கும் டெர்மாய்ட் கட்டி இளம் பெண்களிடம் சாதாரணமாகப் பார்க்கப்படுவது. கருப்பையின் உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயான எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்குப் பழைய ரத்தம் தேங்கி வரும் சாக்லேட் சிஸ்ட். புற்றுநோய்க்கும் சாதாரணக் கட்டிக்கும் நடுவில் நிற்கும் பார்டர்லைன் கட்டிகள். அப்புறம் உண்மையான சினைப்பைப் புற்றுநோய், அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு, வயிறு முழுக்கப் பரவிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. வயிறு உப்புசம், பசியின்மை என்று வாயு மாத்திரையோடு பல வாரம் ஓட்டிவிட்டு வருபவர்கள் நிறைய.

இவற்றில் எது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மார்பகத்தில் கட்டி வந்தால் ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்துவிட்டு ஆபரேஷனை முடிவு செய்கிறார்கள். சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் கட்டியில் அப்படி ஊசி குத்தத் தயங்குவார்கள், ஏனென்றால் அது புற்றாக இருந்தால் குத்திய ஓட்டை வழியாகவே செல்கள் வயிற்றுக்குள் கசிந்துவிடும். (ஏற்கெனவே பரவிவிட்ட நோயில் வயிற்று நீரிலிருந்தோ, பரவிய இடத்திலிருந்தோ ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள், அது வேறு கணக்கு.) ஆகவே பல பெண்களுக்கு ஆபரேஷனே பரிசோதனையாகவும் ஆகிவிடுகிறது. முன்கூட்டி இருப்பது ஊகம்தான்: ஸ்கேனில் கட்டிக்குள் தடுப்புகள், கெட்டியான பகுதிகள் தெரிகின்றனவா, வயது என்ன, ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதம் எவ்வளவு. அந்த சிஏ-125ஐப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் அதிகம். 35க்கு மேல் போனால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை; எண்டோமெட்ரியோசிஸிலும், மாதவிடாய் நாட்களிலும், நம் நாட்டில் அடிக்கடி பார்க்கப்படும் வயிற்றுக் காசநோயிலும்கூட அது ஏறும். 1990இல் ஒரு கணக்கு முறை வந்தது: ஸ்கேனுக்கு ஒரு மதிப்பெண், மாதவிடாய் நின்றதா இல்லையா என்பதற்கு ஒரு மதிப்பெண், இரண்டையும் சிஏ-125 அளவோடு பெருக்கி, 200ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்பு என்று. இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது, நல்ல வழிகாட்டிதான், ஆனாலும் அது நிகழ்தகவுக் கணக்கு மட்டுமே.

இந்த ஊகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போகும் சர்ஜனின் மனதில் ஓடும் முதல் பயம், கட்டி உடைந்துவிடக் கூடாது என்பது. புற்றுநோய் ஒரே சினைப்பைக்குள், மேல் உறை கிழியாமல் இருந்தால் அது நிலை 1ஏ. அதையே எடுக்கும்போது கை தவறி உடைத்துவிட்டால், உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவின் 2014 வகைப்பாட்டின்படி அது 1சி1 ஆகிவிடுகிறது. நோயாளி உள்ளே போகும்போது இருந்த நோயைவிட வெளியே வரும்போது ஒரு படி மேலே. சிலருக்குத் தேவையே இல்லாமல் இருந்திருக்கக்கூடிய கீமோதெரபி இதனாலேயே சேர்ந்துகொள்ளும். ரோபோவா ஓபனா என்ற விவாதத்தில் டாக்டர்கள் உணர்ச்சிவசப்படுவது முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான், நோயாளிகளிடம் இதை யாரும் சரியாக விளக்குவதில்லை என்பது என் வருத்தம்.

வேடிக்கை என்னவென்றால், வயிற்று அறுவை சிகிச்சையின் வரலாறே சினைப்பைக் கட்டியில்தான் தொடங்குகிறது என்று சொல்வதுண்டு. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில், டான்வில் என்ற சிற்றூரில், எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார். மயக்க மருந்தே கண்டுபிடிக்கப்படாத காலம், 25 நிமிடத்தில் முடித்தாராம். கட்டியை முழுசாக வெளியே எடுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால் அதைக் கீறி உள்ளே இருந்த கூழ் போன்றதை 15 பவுண்டு வெளியேற்றினார், பிறகு ஏழரைப் பவுண்டு பையை வெட்டி எடுத்தார். மொத்தம் கிட்டத்தட்ட 10 கிலோ. அந்த அம்மா அதற்குப் பிறகு 32 வருடம் வாழ்ந்தார். கட்டி புற்றாக இல்லாததால் பிழைத்தார் என்றுதான் இன்றைய சர்ஜன் சொல்வார், அதைக் கீறியதை நினைத்தால் அவருக்கு இப்போதும் கொஞ்சம் பதறும்.

சாதாரணக் கட்டிகளை எடுக்கும் மகப்பேறு மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால், அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. லேப்ராஸ்கோப்பியில் கைதேர்ந்தவர்கள் ரோபோவைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. சாதாரண டெர்மாய்ட் கட்டியை மூன்று நான்கு துளையில், ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் எடுத்துவிடுவார்கள், மறுநாள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். இதில் இயந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டிக் கழற்றும் நேரம்தான் கூடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரணச் சினைப்பைக் கட்டிகளுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 87,500 பெண்களின் விவரங்களை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. சினைப்பையை எடுக்கும் ஆபரேஷன்களில் ரோபோவின் பங்கு 2009இல் 3.5 சதவீதமாக இருந்தது 2012இல் 15 சதவீதமாக ஏறியிருந்தது. ஆனால் பக்கவிளைவுகள் குறையவில்லை, பார்க்கப்போனால் கொஞ்சம் கூடத்தான் செய்தன, செலவோ ஒரு ஆபரேஷனுக்கு சுமார் 2,500 டாலர் அதிகம். அதற்கு முந்தைய ஆண்டு, 2013 மார்ச்சில், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பிரீடன் கருப்பை நீக்க ஆபரேஷனைப் பற்றி வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்: இருக்கிற மலிவான சிறுதுளை முறைகளைவிட ரோபோ மேல் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிற மாதிரி. ஒரு மருத்துவர் சங்கம் ஒரு கருவியைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசுவது அபூர்வம்.

ரோபோ பக்கம் நிற்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு, சராசரியைக் காட்டி எங்களை அடிக்காதீர்கள் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் முற்றிய ஒரு பெண்ணுக்குக் குடலும் கருப்பையும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்க் கிடக்கும், சிறுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்றே தெரியாது. அங்கே பெரிதாகத் தெரியும் படமும் வளையும் நுனியும் உண்மையிலேயே உதவுகின்றன. சாக்லேட் சிஸ்ட்டை உரித்தெடுத்த பிறகு ரத்தம் கசியும் இடத்தைச் சூடு வைத்துப் பொசுக்கினால் கூடவே நல்ல முட்டைகளும் கருகிவிடும், தையல் போட்டு நிறுத்தினால் அந்தச் சேதம் குறையும், குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. சின்ன இடத்தில் தையல் போடுவது லேப்ராஸ்கோப்பியில் கஷ்டம், ரோபோவில் சுலபம். உடல் பருமன் அதிகமுள்ளவர்களுக்கும் இப்படித்தான், தடித்த வயிற்றுச் சுவரோடு நீளக் குச்சியை மல்லுக்கட்டித் திருப்புவது சர்ஜனின் தோளை முறிக்கும் வேலை, இயந்திரக் கரத்துக்கு அந்தக் களைப்பு இல்லை. சர்ஜனின் கழுத்து வலி நமக்கு எதற்கு என்று தோன்றலாம். மூன்றாவது மணி நேரத்தில் அவர் கை தளர்ந்திருக்கிறதா இல்லையா என்பது நம் விஷயம்தான்.

என் பார்வையில், ஒட்டுதல் இல்லாத சாதாரண நீர்க்கட்டிக்கு ரோபோ தேவையில்லை. நல்ல லேப்ராஸ்கோப்பி சர்ஜன் கையில் கிடைத்தால் அதுவே போதும். ஆனால் "நல்ல" என்ற சொல்லுக்குத்தான் இங்கே முழு எடையும்: லேப்ராஸ்கோப்பி வராது, ரோபோவில் நன்றாகச் செய்வேன் என்கிற ஒரு சர்ஜனும் உண்டு, அவரிடம் மாட்டினால் மாற்று ஓபன் சர்ஜரிதான் என்றால் ரோபோவே மேல். ரோபோவை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று ஆய்வு செய்பவர்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான். விளம்பரங்கள் எப்போதும் ரோபோவை ஓபன் சர்ஜரியோடுதான் ஒப்பிடும், ரத்தம் குறைவு, தழும்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று. அந்த லாபத்தில் பெரும்பகுதி சிறுதுளையினால் வருவது, அது லேப்ராஸ்கோப்பியிலும் கிடைக்கும்.

புற்றுநோயாக இருக்கலாம், ஆனால் இன்னும் சினைப்பையைத் தாண்டவில்லை என்று தோன்றும் கட்டிகளில் பேச்சு நுணுக்கமாகிறது. இங்கே ஆபரேஷன் என்பது கட்டியை எடுப்பதோடு முடிவதில்லை. வயிற்றைக் கழுவிய நீரை எடுக்க வேண்டும், வயிற்று உறை முழுக்கப் பார்த்துச் சில இடங்களில் துணுக்கு எடுக்க வேண்டும், குடலின் முன் தொங்கும் கொழுப்புத் திரையான ஓமெண்டத்தை எடுக்க வேண்டும், பலருக்கு நிணநீர்க் கணுக்களையும். கட்டியை உறையவைத்து உடனே பார்க்கும் பரிசோதனையான ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்பி, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே அரை மணி நேரம் போல ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, அதைப் பொறுத்து மேலே எவ்வளவு செய்வது என்று முடிவு செய்வார்கள். ரோபோவில் தேர்ந்த புற்றுநோய் சர்ஜன்கள் இது எல்லாவற்றையும் துளைகள் வழியாகவே செய்து காட்டியிருக்கிறார்கள், அமெரிக்க வழிகாட்டுதல்களும் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, அனுபவம் உள்ளவர் கையில் என்ற நிபந்தனையோடு இதை ஒப்புக்கொள்கின்றன. கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு வாயைச் சுருக்கி, பையோடு வெளியே எடுப்பது இங்கே கட்டாயம்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. நீர் நிறைந்த கட்டி என்றால் பையின் வாயை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு நீரை உறிஞ்சிச் சுருக்கி எடுத்துவிடலாம். 12 சென்டிமீட்டர் கெட்டிக் கட்டியை 8 மில்லிமீட்டர் துளையில் எப்படி எடுப்பது? எங்கேயாவது பெரிதாகக் கீறத்தான் வேண்டும். அப்படிக் கீறப் போகிறோம் என்றால் முதலிலேயே கீறிவிட்டு, கையால் பொத்தினாற்போல் உடையாமல் எடுத்துவிடலாமே என்பார் பழைய தலைமுறை சர்ஜன். கட்டி பெரிதாக, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பார்த்தாலே புற்று மாதிரி இருக்கிறது என்றால் நான் அவர் பக்கம். ஒரு கோடு தழும்பைத் தவிர்ப்பதற்காக 1ஏவை 1சி1 ஆக்கிக்கொள்ளும் ஆபத்தை ஏற்பது எனக்குக் கணக்காகத் தெரியவில்லை.

பரவிவிட்ட நோயில் ரோபோ என்றால், பெரும்பாலான சினைப்பைப் புற்றுநோய் சர்ஜன்கள் இன்றும் தலையை ஆட்டுவார்கள், இல்லை என்கிற மாதிரி. இந்த நோயில் சர்ஜனின் குறிக்கோள், கண்ணுக்குத் தெரியும் நோய் எதுவும் மிச்சமில்லாமல் எடுப்பது. எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்பதற்கும் நோயாளி எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோயோ இடுப்புக்குழியோடு நிற்பதில்லை. கல்லீரலுக்குப் பின்னால், உதரவிதானத்தின் அடியில், மண்ணீரலின் இடுக்கில், குடலின் மடிப்புகளில் கடுகளவு முடிச்சுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை நடுக்கோட்டில் திறந்தால் சர்ஜன் கையை உள்ளே விட்டுக் குடலை அங்குலம் அங்குலமாக விரலிடுக்கில் ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பியது விரலுக்கு அகப்படும். இந்த இடத்தில்தான் தொடு உணர்வு இல்லாதது ரோபோவுக்குப் பெரிய குறை. பழைய மாடல்களை இடுப்புக்குழியை நோக்கி ஒரு முறை மாட்டிவிட்டால் மேல்வயிற்றுக்குத் திருப்புவதற்கு எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. 2014இல் வந்த டா வின்சி எக்ஸ்ஐ மாடலில் கரங்கள் தொங்கும் சட்டமே சுழல்வதால் அந்தத் தொல்லை குறைந்தது, விரல் பிரச்சினை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

இந்தத் தயக்கத்தை இரட்டிப்பாக்கியது 2018. அது சினைப்பை பற்றிய ஆய்வு அல்ல, கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றியது, ஆனாலும் அதன் அதிர்ச்சி எல்லாப் பக்கமும் பரவியது. லாக் ஆய்வு என்று அழைக்கப்படும் அதில் ஆரம்ப நிலை கருப்பைவாய்ப் புற்றுநோய் உள்ள 631 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஓபன் சர்ஜரி, இன்னொரு பகுதிக்குச் சிறுதுளை அறுவை செய்தார்கள். சிறுதுளை குறைந்தபட்சம் சமமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஓபன் பக்கம் 96.5 சதவீதம், சிறுதுளைப் பக்கம் 86 சதவீதம். சிறுதுளைக் குழுவில் பெரும்பாலானவை லேப்ராஸ்கோப்பி, ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ரோபோ, ஆகவே இதை ரோபோவின் தலையில் மட்டும் கட்ட முடியாது. வாயு அழுத்தமா, கருப்பையை அசைக்க வைக்கும் கருவியா, வெட்டும்போது புற்று வயிற்றுக்குள் திறந்துவிடுவதா என்று காரணத்தைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. 2019 பிப்ரவரியில் எஃப்டிஏவும், புற்றுநோய் அறுவை சிகிச்சையில் ரோபோவால் ஆயுள் கூடுகிறதா குறைகிறதா என்பது நிறுவப்படவில்லை, டாக்டரும் நோயாளியும் அதைப் பேசி முடிவு செய்யுங்கள் என்று எச்சரித்தது. தழும்பு சின்னது, வலி குறைவு என்பதெல்லாம் முதல் மாதக் கணக்கு, புற்றுநோயில் ஐந்து வருடக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து சர்ஜன்கள் மாநாடுகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இருந்தாலும் கதவு சாத்தப்படவில்லை. பரவிய நோயில் பலருக்கு இப்போது முதலில் மூன்று நான்கு சுற்று கீமோ கொடுத்து நோயைச் சுருக்கிவிட்டு, நடுவில் ஆபரேஷன் செய்து, மீதிக் கீமோவைத் தொடர்கிறார்கள். கீமோவில் நோய் நன்றாகக் கரைந்துவிட்ட பெண்ணுக்கு வயிற்றில் எடுக்க வேண்டியது கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். அவருக்கும் முழு நீளம் கீற வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் முன்னின்று நடத்தும் லான்ஸ் ஆய்வு இந்தக் கேள்விக்காகவே, ஓபனையும் சிறுதுளையையும் குலுக்கல் முறையில் ஒப்பிடுகிறது. இங்கிலாந்தில் கில்ஃபோர்டின் ராயல் சர்ரே மருத்துவமனைக் குழு மிரர்ஸ் என்ற பெயரில் ரோபோவையே எடுத்துக்கொண்டு, சரியாகத் தேர்ந்தெடுத்த பெண்களுக்கு கீமோவுக்கு நடுவில் வரும் இந்த ஆபரேஷனை இதில் செய்ய முடிகிறது என்று காட்டியது. செய்ய முடிகிறது என்பதும், செய்தால் அதே ஆயுள் கிடைக்கிறது என்பதும் வேறு வேறு. இரண்டாவதுக்குத்தான் குலுக்கல் ஆய்வு. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் குழுக்கள் ரோபோவோடு உள்ளே போனாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்று தெரிந்தால் வயிற்றைத் திறந்துவிடுவோம் என்ற விதியோடுதான் போகின்றன. பாதியில் ஓபனாக மாற்றுவதைத் தோல்வி என்று நினைக்கும் சர்ஜனைவிட, தயங்காமல் மாற்றும் சர்ஜன் பாதுகாப்பானவர்.

மயக்க மருந்து நிபுணர்களின் கருத்தை யாரும் கேட்பதில்லை, கேட்டால் அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். இடுப்புக்குழி ஆபரேஷனில் குடல் மேலே சரிந்து விலகுவதற்காக நோயாளியைத் தலைகீழாக 25, 30 டிகிரி சாய்த்து, அதே நிலையில் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். முகமும் இமைகளும் வீங்கும், கண் அழுத்தம் ஏறும், நுரையீரலுக்குக் காற்று அனுப்புவது கடினமாகும். பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள், ஆனால் இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் குளுக்கோமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கரங்கள் மாட்டியிருக்கும்போது கட்டிலைச் சட்டென்று அசைக்கவும் முடியாது. அவசரம் என்றால் கருவிகளைக் கழற்றி வண்டியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டும், இதை ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் குழுவுக்கு அது சில நிமிட வேலை. ஒத்திகை பார்க்காத குழுவிடம் அந்தச் சில நிமிடம் நீண்டுவிடும்.

பணம் விஷயத்துக்கு வருவோம். இயந்திரமே பல கோடி; சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவை வசதியைத் தொடங்க சுமார் 35 கோடி ரூபாய் செலவானது. அதோடு நிற்பதில்லை. டா வின்சி கருவிகளில் எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பதை இயந்திரமே எண்ணிக்கொள்ளும், குறிப்பிட்ட எண்ணிக்கை முடிந்ததும், கருவி நன்றாகவே இருந்தாலும், வேலை செய்யாது. நீண்ட காலம் பல கருவிகளுக்கு அது 10 முறையாக இருந்தது, 2020க்குப் பிறகு சிலவற்றுக்கு 12 முதல் 18 வரை உயர்த்தினார்கள். தனியார் மருத்துவமனை பில்லில் ரோபோவுக்கென்று தனியாக ஒரு பெரிய தொகை சேர்வதன் பின்னணி இதுதான். அந்தத் தொகையில் இயந்திரத்தை வாங்கிய கடனும் இருக்கும், சும்மா நிற்கும் நாட்களின் செலவும் இருக்கும், அதனால்தான் சில இடங்களில் தேவையில்லாத கட்டிக்கும் ரோபோ பேச்சு எழுகிறது.

அப்படியானால் டாக்டரிடம் என்ன கேட்பது? எதை வைத்துச் செய்யப் போகிறீர்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள். இது புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதை முதலில் கேளுங்கள். கட்டியை முழுசாக, உடையாமல் எந்த வழியாக வெளியே எடுப்பீர்கள், பை பயன்படுத்துவீர்களா, ஃப்ரோசன் செக்‌ஷன் அதே மருத்துவமனையில் நடக்குமா, புற்று என்று வந்தால் அப்போதே முழு ஆபரேஷனைச் செய்ய புற்றுநோய் சர்ஜன் கூட இருப்பாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் ரோபோ என்று சொன்னாலும் நம்பலாம், ஓபன் என்று சொன்னாலும் நம்பலாம். இந்த மாதிரி ஆபரேஷனை இந்த இயந்திரத்தில் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நல்ல சர்ஜன்கள் அதற்குக் கோபப்படுவதுமில்லை. வயது 25, இன்னும் குழந்தை இல்லை என்றால், எந்தச் சினைப்பையை, எவ்வளவு காப்பாற்ற முடியும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி, கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவரிடம் பாதியில் வந்து கேட்க முடியாது.

இன்சூரன்ஸ் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட பட்டியலில் இருந்த நவீன சிகிச்சைகளில் ரோபோ அறுவையும் ஒன்று, அதை முழுசாக மறுக்க நிறுவனங்களை அந்த விதி அனுமதிக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு வைக்க அனுமதித்தது, பல பாலிசிகளில் மொத்தக் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்குக்கு மேல் தர மாட்டோம் என்று இருக்கும். அட்மிஷனுக்கு முன்பே பாலிசி தாளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் நிறுவனத்திடம் மெயிலில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு போக வேண்டாம்.